டோனி டஞ்சி: டாம்பாவுக்கு வந்த கோப்பை யார் கணக்கில் சேரும்?

சைடுலைன்:

நான் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்க்க ஆரம்பித்தது குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பெய்டன் மேனிங் டென்வரில் ஆடிய கடைசிக் காலத்தில்தான். அதற்கு முந்தைய கதையெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அப்போது ஞாயிறு ராத்திரி ஆட்டத்துக்கு முன்னால் என்பிசியில் உட்கார்ந்து குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருப்பாரே டோனி டஞ்சி, டாம்பா பே, இண்டியானாபொலிஸ் அணிகளின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர், அவரைப் பற்றித்தான் கேள்வி. 2016இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், சரி. ஆனால் அவர் பெயரை எடுத்தாலே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டம், டாம்பா பே அணியைக் கட்டியதே அவர்தான், அவருக்குப் பின் கோச்சாக வந்த ஜான் குரூடன் தயாராக இருந்ததை வைத்து 2002 சீசன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார் என்கிறது. இன்னொரு கூட்டம், இண்டியானாபொலிஸில் மேனிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு சீசனில் ஒரே ஒரு கோப்பையா என்று கேட்கிறது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. கல்லூரியில் குவாட்டர்பேக், என்எஃப்எல்லில் சேஃப்டி (தற்காப்பில் கடைசியாகப் பின்னால் நிற்பவர்) என்று போட்டிருக்கிறது. அது எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், அவசரமில்லை.

நிக்கல்பேக்:

உங்கள் இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கு இங்கே அடிதடி நடக்கும், அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மிச்சிகனில் ஜாக்சன் என்ற ஊர்க்காரர், 1955இல் பிறந்தவர். அப்பா அறிவியல் பேராசிரியர், அம்மா பள்ளி ஆசிரியை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குவாட்டர்பேக்காக ஆடி நல்ல பெயர் வாங்கியவர். ஆனால் 1977 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 12 சுற்று முடிந்தும் ஒரு அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கறுப்பின குவாட்டர்பேக் என்றாலே அணிகள் தயங்கின, "வேறு இடத்தில் ஆடுகிறாயா" என்பதுதான் வழக்கமான கேள்வி. கனடா லீக்குக்குப் போய் குவாட்டர்பேக்காகவே இருந்திருக்கலாம், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸைத் தேர்ந்தெடுத்தார். மினசோட்டாவில் அவருக்குப் பயிற்சி கொடுத்த டாம் மூர் அந்த வருஷம்தான் ஸ்டீலர்ஸில் சேர்ந்திருந்தார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போனவரை முதலில் எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவராகப் பார்த்தார்கள், பிறகு சேஃப்டியாக மாற்றினார்கள். முதல் சீசனிலேயே ஒரு கூத்து நடந்தது. ஹூஸ்டன் ஆய்லர்ஸோடு ஆஸ்ட்ரோடோமில் ஆட்டம். டெரி பிராட்ஷாவுக்கு மணிக்கட்டில் அடி, அவருக்குப் பதிலாக வந்த மைக் குரூசெக்குக்கும் அடி, பெஞ்சில் வேறு குவாட்டர்பேக் இல்லை. கல்லூரியில் ஆடியவன்தானே என்று டஞ்சியை உள்ளே தள்ளினார்கள். ஏற்கெனவே டிஃபென்ஸில் நின்று எதிரணியின் பந்து ஒன்றைப் பறித்திருந்தவர், இப்போது தானே எறிந்து பந்தைப் பறிகொடுத்தார். ஒரே ஆட்டத்தில் இன்டர்செப்ஷன் எடுக்கவும் செய்து கொடுக்கவும் செய்த ஆள் நவீன என்எஃப்எல்லில் அவர்தான். ஆட்டம் 27-10 என்று தோல்வி.

அடுத்த வருஷம், 1978இல், ஸ்டீலர்ஸில் அதிக இன்டர்செப்ஷன் அவருடையது, ஆறு. பந்து பறிப்பதில் பெயர்போன மெல் பிளவுன்ட் ஆடிய அணியில் ஆறு எடுத்து முதலிடம் என்பது சும்மா இல்லை. அந்த சீசன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் மயாமியில், டல்லாஸை 35-31 என்று ஜெயித்தார்கள். நான்காம் குவாட்டரில் ஸ்டீலர்ஸின் கிக்-ஆஃப் சரியாகப் போகாமல் டல்லாஸின் ராண்டி வைட் கையில் சிக்கியது. அவர் கையிலோ எலும்பு முறிவுக்குக் கட்டு. டஞ்சி போய் மோதியதில் பந்து நழுவியது, அதற்கு அடுத்த எறிதலிலேயே பிராட்ஷா லின் ஸ்வானுக்கு டச் டவுன் கொடுத்தார். நாலு புள்ளியில் முடிந்த ஆட்டம் என்பதால் அந்த மோதலின் மதிப்பு உங்களுக்கே புரியும்.

ஆனாலும் 1979இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றிவிட்டார்கள், 1980இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் பயிற்சி முகாமிலேயே வெளியே அனுப்பினார்கள். ஆட்டம் அதோடு சரி. 1981இல் ஸ்டீலர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் சக் நோல் கூப்பிட்டு உதவிப் பயிற்சியாளர் ஆக்கினார், 28 வயதில் ஸ்டீலர்ஸின் முழு டிஃபென்ஸும் இவர் பொறுப்பு. கூட ஆடியவர்களுக்கே கோச்சாக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

மஞ்சள்கொடி:

நிக்கல்பேக் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் டாம்பா கதையின் வேர் பிட்ஸ்பர்கில்தான் இருக்கிறது.

"டாம்பா 2" என்று ஒரு தற்காப்பு முறையை வர்ணனையாளர்கள் சொல்வார்களே, அதை ஏதோ டஞ்சி டாம்பாவில் உட்கார்ந்து கண்டுபிடித்தது போல நினைப்பவர்கள் உண்டு. அவரே பல முறை சொல்லியிருக்கிறார், அது எழுபதுகளின் ஸ்டீலர்ஸ் பிளேபுக்கில் இருந்ததுதான் என்று. சாதாரண கவர் 2வில் இரண்டு சேஃப்டிகளும் பின்பக்க மைதானத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள், கார்னர்பேக்குகள் ஓரத்தில் கிட்டத்திலேயே நிற்பார்கள். இதில் ஓட்டை எங்கே என்றால் இரண்டு சேஃப்டிகளுக்கும் நடுவே. எதிரணியில் பந்து பிடிக்கும் நல்ல டைட் எண்ட் ஒருவன் நேராக ஓடினால் போதும். அந்த ஓட்டையை அடைக்க நடு லைன்பேக்கர், இது பாஸ் என்று தெரிந்த நொடியே முதுகுப்பக்கமாக ஓடி, சேஃப்டிகளுக்கு இடையே போய் நிற்க வேண்டும். ஸ்டீலர்ஸில் இதை ஜாக் லாம்பர்ட் செய்தார். இவ்வளவுதான் விஷயம்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஏழு பேர் பின்னால் போய்விட்டால் குவாட்டர்பேக்கைத் துரத்த நாலு பேர்தான் மிச்சம். அந்த நாலு பேரே அவனைப் பிடிக்க வேண்டும், அதற்கு வாரன் சாப் மாதிரி ஆள் வேண்டும். பின்னால் இருக்கிற ஏழு பேரும் ஆளைப் பார்க்காமல் குவாட்டர்பேக்கின் கண்ணைப் பார்ப்பார்கள், பந்து கிளம்பியதும் எல்லாரும் ஒரே இடத்துக்குப் பாய்வார்கள். டெரிக் புரூக்ஸ், ஜான் லின்ச், ரோண்டே பார்பர் எல்லாம் பெயர் வாங்கியது இப்படித்தான். என்ன ஆடப் போகிறார்கள் என்று எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. டஞ்சியும் அவருடைய டிஃபென்ஸ் பயிற்சியாளர் மான்ட்டி கிஃபினும் வாரத்துக்கு வாரம் புதிதாக எதையும் சேர்க்க மாட்டார்கள். அதே நாலைந்து விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். இது அப்படியே நோல் பள்ளிக்கூடம்.

1996இல் அவர் வந்தபோது டாம்பா என்ன நிலையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1982க்குப் பிறகு பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) பக்கமே போகாத அணி, ஆரஞ்சு சட்டை, ஊரே சிரிக்கும். டஞ்சிக்கும் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. ஒன்பது ஆட்டம் முடிந்தபோது ஒரே ஒரு வெற்றி. வேறு யாராவது இருந்தால் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருப்பார்கள். இவர் எதையும் மாற்றவில்லை. மிச்சம் ஏழில் ஐந்து ஜெயித்து 6 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தார், அடுத்த வருஷம் 10-6, பிளேஆஃப். 2002 சீசனில் கோப்பை ஜெயித்த டிஃபென்ஸில் இருந்தவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், ஆடிய முறை எல்லாமே டஞ்சி காலத்தது. கிஃபின்கூட அங்கேயே இருந்தார். இறுதி ஆட்டத்தில் ஓக்லண்டை 48-21 என்று அடித்தார்கள், அவர்கள் குவாட்டர்பேக் ரிச் கேனனிடம் ஐந்து இன்டர்செப்ஷன், அதில் மூன்று நேராக டச் டவுன். அந்தக் கோப்பையில் பாதிக்கு மேல் டஞ்சி கணக்குதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம்டவுன்:

இதோ வந்துவிட்டேன், அடிதடிக்கு.

மஞ்சள்கொடி சொன்னதில் டிஃபென்ஸ் பற்றிய ஒவ்வொரு வரியையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, ஆட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. டஞ்சியின் டாம்பா பிளேஆஃபில் என்ன செய்தது? 2000 சீசனில் ஃபிலடெல்ஃபியாவிடம் 21-3. 2001 சீசனில் அதே ஃபிலடெல்ஃபியாவிடம் 31-9. இரண்டு ஆட்டத்திலும் ஒரு டச் டவுன்கூட இல்லை! பந்தோடு முன்னேறும் ஆஃபென்ஸுக்குப் பொறுப்பான கோஆர்டினேட்டரை மாற்றினார், மைக் ஷூலா போய் லெஸ் ஸ்டெக்கல், ஸ்டெக்கல் போய் கிளைட் கிறிஸ்டென்சன். பலன் பூஜ்யம். எதையும் மாற்றாமல் பொறுமையாக இருப்பது டிஃபென்ஸுக்கு வரம். அதே பொறுமை மறுபக்கம், "தப்பு செய்யாதே, பந்தை விடாதே, மூன்று புள்ளி போதும்" என்று ஆகிவிட்டது.

அந்த 11-6 ஆட்டம் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறேன். 1999 சீசன் என்எஃப்சி சாம்பியன்ஷிப், அதாவது சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம், செயின்ட் லூயிஸில். அந்த சீசனில் 526 புள்ளி குவித்த ராம்ஸ் அணியை, அதன் குவாட்டர்பேக் கர்ட் வார்னரை, 11 புள்ளியில் நிறுத்தியது டாம்பா. நான்காம் குவாட்டர் பாதி தாண்டும்வரை 6-5 என்று முன்னிலை வேறு. ராம்ஸின் ரிக்கி புரோல் ஒரு டச் டவுன் பந்தைப் பிடித்தார், கதை மாறியது. கடைசி நிமிடத்தில் டாம்பாவின் ஷான் கிங் எறிந்ததை பெர்ட் இமானுவேல் விழுந்து பிடித்தார். பந்தின் மூக்கு தரையைத் தொட்டது என்று ரீப்ளே பார்த்து ரத்து செய்தார்கள். அவர் கைக்குள் பந்து அசையவே இல்லை. அடுத்த சீசனுக்கு முன்னால் லீக் அந்த விதியையே மாற்றியது, தரையைத் தொட்டாலும் பந்து கட்டுப்பாட்டில் இருந்தால் கேட்ச்தான் என்று. டாம்பாவுக்கு அதனால் என்ன லாபம்? சரி, அது அநியாயம்தான். ஆனால் அந்த ஆட்டத்திலும் ஆஃபென்ஸ் எடுத்தது இரண்டு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி).

குரூடனுக்காக டாம்பா கொடுத்த விலை இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு, அதோடு 80 லட்சம் டாலர். ஒரு கோச்சுக்காக! அந்தக் குழுவுக்கு ஒரு ஆஃபென்ஸ் கிடைத்தது முதல் தடவையாக அப்போதுதான். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது குரூடன் முந்தைய வருஷம்வரை பயிற்சி கொடுத்த ஓக்லண்ட், கேனன் எப்படி யோசிப்பார் என்று அவருக்கு அத்துப்படி. அந்த ஐந்து இன்டர்செப்ஷனில் குரூடனுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாதி பாதி என்றால் கையெழுத்துப் போடுகிறேன். "பாதிக்கு மேல்" என்றால் மாட்டேன்.

நிக்கல்பேக்:

@மூன்றாம்டவுன், கிஃபினின் டிஃபென்ஸ் அந்த வருஷம் லீக்கிலேயே முதலிடம். குரூடன் அதில் கை வைக்கவில்லை என்பதும் அவருக்குப் பெருமைதான். வந்தவுடன் எல்லாவற்றையும் இடித்துவிட்டுத் தன் பெயரில் கட்டும் கோச்சுகளை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

குதிரைலாடம்:

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ரசிகன் என்ற முறையில் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

2002 ஜனவரியில் டாம்பா வேலையை விட்டு அனுப்பியதும் இண்டியானாபொலிஸ் கூப்பிட்டது. அங்கே ஆஃபென்ஸ் யார் கையில்? மேலே நிக்கல்பேக் நினைவில் வைக்கச் சொன்ன அதே டாம் மூர். 1998 முதல் மேனிங்கோடு இருப்பவர். டஞ்சி செய்த புத்திசாலித்தனம், அதில் தலையிடாமல் இருந்தது. மூன்றாம்டவுன் சொல்லும் குறை டாம்பாவில் உண்மை, இங்கே அது கிடையாது. ஏழு சீசன், 85 வெற்றி, 27 தோல்வி. 2003 முதல் 2008 வரை ஒரு வருஷம்கூட 12 வெற்றிக்குக் கீழே போகவில்லை.

2003 அக்டோபர் 6, திங்கள் ராத்திரி, டாம்பா மைதானத்தில் ஆட்டம். டஞ்சிக்குப் பிறந்தநாள், எதிரே அவர் கட்டிய அணி, கையில் அவர் இல்லாமல் ஜெயித்த கோப்பை. பார்பர் மேனிங்கின் பந்தைப் பறித்து டச் டவுன் போட்டதும் 35-14. ஐந்து நிமிடம்தான் மிச்சம். நிறைய பேர் டிவியை அணைத்திருப்பார்கள். அடுத்த கிக்-ஆஃபை பிராட் பயட் 90 யார்டு கொண்டு போனார், அதிலிருந்து ஒரு டச் டவுன். ஆன்சைட் கிக் (உதைத்த அணியே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குறுகிய உதை) கோல்ட்ஸ் கையில், நான்காம் டவுனில், அதாவது கடைசி முயற்சியில், மார்வின் ஹாரிசனுக்கு டச் டவுன். மறுபடி பந்து வாங்கி 35 விநாடி மிச்சமிருக்கும்போது சமன். ஓவர்டைமில் எங்கள் உதைக்காரர் மைக் வாண்டர்ஜாக்ட் உதை தவறியது, ஆனால் டாம்பா வீரர் விதிமீறிக் குதித்ததற்கு மஞ்சள் கொடி. மறுபடி உதைத்தார், கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. 38-35. நாலு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் 21 புள்ளி பின்தங்கிய அணி ஜெயித்தது அதுவரை நடந்ததே இல்லை. இத்தனை நேரமும் கேமரா டஞ்சியைக் காட்டுகிறது, மனிதர் ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நிற்கிறார்.

பிளேஆஃப் வேறு கதை, மறைக்க ஒன்றுமில்லை. 2003, 2004 இரண்டு சீசனும் நியூ இங்கிலாந்தில் போய்த் தோற்றோம். 2005இல் 13-0 என்று ஆரம்பித்தோம். அந்த டிசம்பரில் அவருடைய மகன் இறந்துபோனார். ஒரு ஆட்டத்துக்கு மட்டும் உதவிப் பயிற்சியாளர் ஜிம் கால்ட்வெல் பொறுப்பேற்றார், அடுத்ததற்கு டஞ்சி திரும்பிவிட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. பிளேஆஃபில் பிட்ஸ்பர்கிடம் 21-18. எல்லைக் கோட்டருகே ஜெரோம் பெட்டிஸ் பந்தை நழுவவிட்டதும் நிக் ஹார்ப்பர் எடுத்துக்கொண்டு ஓட, அவரைத் தடுத்துப் பிடித்தது யார் தெரியுமா, எதிரணிக் குவாட்டர்பேக் ராத்லிஸ்பெர்கர்! அப்படியும் சமன் செய்ய ஒரு உதை கிடைத்தது, வாண்டர்ஜாக்ட் கம்பத்துக்கு வெளியே விட்டார். இதில் கோச் என்ன செய்வார்?

2006தான் அவரைப் புரிந்துகொள்ள வேண்டிய சீசன். ஓட்டத்தைத் தடுப்பதில் 32 அணிகளில் கடைசி. டிசம்பரில் ஜாக்சன்வில் எங்கள் மேல் ஏறி ஓடியது 375 யார்டு, ஸ்கோர் 44-17. பத்திரிகைகள், ரசிகர்கள், நான் உட்பட, எல்லாரும் "முறையை மாற்று" என்று கத்தினோம். அவர் மாற்றவில்லை. யார் எந்த இடைவெளியில் நிற்க வேண்டுமோ அங்கே நில்லுங்கள், போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காயத்திலிருந்து எங்கள் சேஃப்டி பாப் சாண்டர்ஸ் திரும்பி வந்ததும் பெரிய காரணம், ஒத்துக்கொள்கிறேன். பிளேஆஃபில் கான்சஸ் சிட்டியின் லாரி ஜான்சனுக்குக் கிடைத்தது மொத்தம் 32 யார்டு. பால்டிமோரில் ஒரு டச் டவுன்கூட இல்லாமல், எங்கள் உதைக்காரர் வினாடியேரியின் ஐந்து ஃபீல்டு கோலை வைத்து 15-6. அடுத்து நியூ இங்கிலாந்து, 21-3 என்று பின்தங்கி 38-34 என்று ஜெயித்தோம். மயாமியில் மழையில் இறுதி ஆட்டம், சிகாகோவின் டெவின் ஹெஸ்டர் முதல் உதையையே டச் டவுனாக்கினார், முடிவில் 29-17 எங்களுக்கு.

எதிரே நின்ற கோச் லவ்வி ஸ்மித், டாம்பாவில் டஞ்சியிடம் லைன்பேக்கர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் ஆடியதும் அதே டாம்பா 2. சூப்பர் பவுல் ஜெயித்த முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் டஞ்சி. ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் ஜெயித்ததில் மூன்றாவது ஆள், அவருக்கு முன்னால் டாம் ஃபுளோரஸ், மைக் டிட்கா.

சைடுலைன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒரு சின்னக் கேள்வி. 1981இல் உதவிப் பயிற்சியாளர், 28 வயதில் டிஃபென்ஸ் முழுக்க அவர் பொறுப்பு, ஆனால் தலைமைப் பதவி 1996இல்தானா? நடுவில் என்ன செய்தார்?

மஞ்சள்கொடி:

1988 சீசனுக்குப் பிறகு பிட்ஸ்பர்கில் பதவி இறக்கப் பார்த்தார்கள், வெளியே வந்துவிட்டார். கான்சஸ் சிட்டியில் மூன்று வருஷம் டிஃபென்சிவ் பேக் கோச், பிறகு 1992 முதல் மினசோட்டாவில் டென்னிஸ் கிரீனிடம் டிஃபென்ஸ் பொறுப்பு. வேலை காலி ஆகும்போதெல்லாம் அவர் பெயர் அடிபடும், கிடைக்காது. நவீன காலத்தில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் வந்ததே 1989இல்தான், அந்தச் சூழலை வைத்துப் பாருங்கள். 2002 ஜனவரியில் டஞ்சி, கிரீன் இருவரும் வேலை இழந்திருந்தார்கள், இருவருமே வெற்றி அதிகம், தோல்வி குறைவு என்ற கணக்கோடு இருந்தவர்கள். அது கிளப்பிய கேள்விகளின் தொடர்ச்சியாகத்தான் அடுத்த வருஷம் ரூனி விதி வந்தது, தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆக வேண்டும் என்று. விதிக்குப் பெயர் கொடுத்த டான் ரூனி, அப்போதைய ஸ்டீலர்ஸ் உரிமையாளர். 2007இல் அவர் அமர்த்திய மைக் டாம்லினை என்எஃப்எல்லுக்கு முதலில் கொண்டுவந்தது யார்? 2001இல், டாம்பாவில், டஞ்சி.

மூன்றாம்டவுன்:

இதில் எனக்கு வாதமே இல்லை. ஹெர்ம் எட்வர்ட்ஸ், லவ்வி ஸ்மித், ராட் மரினெல்லி, டாம்லின், கால்ட்வெல் என்று அவர் கீழே வேலை பார்த்துத் தலைமைப் பதவிக்குப் போனவர்களின் வரிசையே போதும், ஹால் ஆஃப் ஃபேமுக்கு.

பிளேஆஃபில் 9 வெற்றி, 10 தோல்வி என்பதை மட்டும் யாரும் இங்கே எழுதவில்லையே என்று போட்டுவிட்டுப் போகிறேன்.

குதிரைலாடம்:

அதோடு 1999 முதல் 2008 வரை பத்து சீசன் விடாமல் பிளேஆஃப் போனார் என்பதையும் போடுங்கள். போகாதவனுக்குத் தோல்வி எப்படி வரும்?

@சைடுலைன், ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் அந்த 38-34 ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். முதல் பாதியில் டஞ்சி முகத்தையும் இரண்டாம் பாதியில் டஞ்சி முகத்தையும் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடித்தால் இங்கே வந்து எழுதுங்கள்.

மூன்றாம்டவுன்:

அதற்கு முன்னால் 11-6ஐப் பாருங்கள். இமானுவேல் கேட்சை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.